நாலில் ஒரு பங்கு

1

1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, சொற்களுக்கு விளக்கம் சொல்லும் பிரிவு. சட்டம் படிக்கிறவர்களே வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிற பக்கம் அது. 'மருமக்கத்தாயச் சட்டம்' என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில் ஒரு பட்டியல் வரும். திருவிதாங்கூர் நாயர் சட்டம், ஈழவர் சட்டம் என்று போகும் வரிசையில் 'திருவிதாங்கூர் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம்' என்று ஒரு பெயரும் இருக்கும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள்தான் நாஞ்சில்நாடு. இவ்வளவு சின்ன நிலப்பரப்பின் பெயர் இந்தியாவுக்கே பொதுவான ஒரு சட்டத்துக்குள் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது?

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எங்க ஊரில் ஒரு காலத்தில், தகப்பனுடைய சொத்து பிள்ளைகளுக்குப் போகாது.

நாஞ்சில்நாட்டு வேளாளர்களில் மக்கள்வழி, மருமக்கள்வழி என்று இரண்டு பிரிவு உண்டு. மக்கள்வழியில் தகப்பன் சொத்து மகனுக்கு. மருமக்கள்வழியில் அது சகோதரியின் மகனுக்கு. இங்கே மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் இல்லை, அக்கா தங்கச்சியின் பையன். குடும்பச் சொத்தை ஆளுகிற மூத்த ஆண் காரணவர். அவர் கையில் சாவி இருக்கும், நெல் அளப்பதும் பாட்டம் பிரிப்பதும் அவர்தான். ஆனால் சொத்து அவருடையது இல்லை, தறவாட்டுடையது. அவர் நிர்வாகி மட்டும்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறொரு கேள்வி. விவாகரத்தோ பிரிவோ ஆன பிறகு பிள்ளைக்கு மாதாமாதம் தகப்பன் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்கிறது? அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்று குடும்ப நீதிமன்றங்களில் தினமும் நடக்கிற காரியம்தான் இது. ஆனால் இதன் பழைய கதையைத் தேடிப் போனால், 'தகப்பனிடம் எவ்வளவு இருக்கிறது' என்ற கேள்விக்குச் சட்டப்படி 'ஒன்றுமில்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒரு சமூகம் நம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

2

நாயர் குடும்பங்களிலும் மருமக்கத்தாயம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அங்கே பெண் பெரும்பாலும் தன் தறவாட்டிலேயே இருப்பாள், கணவன் வந்து போவான், பிள்ளைகள் தாய்வீட்டுச் சோற்றில் வளரும். தகப்பன் செத்தாலும் விலகினாலும் பிள்ளையின் இலையில் சோறு குறையாது. அந்த முறைக்குள் ஒரு கணக்கு இருந்தது.

நாஞ்சில்நாட்டில் அந்தக் கணக்கு இடித்தது. வேளாளப் பெண் கல்யாணம் ஆகிக் கணவன் வீட்டுக்குப் போவாள். பிள்ளைகள் அங்கேதான் பிறந்து வளரும். தகப்பன் வயலில் வேலை பார்க்கும், தகப்பன் வீட்டுத் தொழுவத்தில் மாடு கட்டும். அவர் கண்ணை மூடியதும், அதுவரை 'வீடு' என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் அத்தை மகனுடையது ஆகிவிடும். குடியிருப்பு தகப்பன் வழி, உரிமை தாய் வழி. இரண்டுக்கும் நடுவில் விழுந்தது பிள்ளைகள்.

எங்க ஆச்சி இதைப் பற்றிப் பேசும்போது கோபப்பட மாட்டாள். "அது அவுருக்க சொத்தில்ல மக்களே, மருமக்கமாருக்குள்ளதுல்லா" என்று வானிலையைச் சொல்வதுபோலச் சொல்வாள். அவளுடைய அம்மை காலத்துக் கதை அது.

இந்த ஓட்டையை அடைக்க ஊர் வழக்கமே ஒரு வழி வைத்திருந்தது. அதன் பெயர் உகந்துடைமை. உகந்து கொடுக்கும் உடைமை, அதாவது பிரியத்தால் கொடுப்பது. தகப்பன் சொத்திலிருந்து மனைவி மக்களுக்கு ஒரு பங்கு. அதற்கு உச்சவரம்பு நாலில் ஒன்று. அதற்கு மேல் போகக் கூடாது.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடன் என்று பெயர் வைக்கவில்லை, பங்கு என்று வைக்கவில்லை. 'உகந்து' என்று வைத்திருக்கிறார்கள். மருமகனுக்குப் போகிற முக்கால் பங்குக்கு யாருடைய பிரியமும் தேவையில்லை, அது தானாகப் போகும். பிள்ளைக்கு வருகிற கால் பங்குக்குத்தான் பிரியம் வேண்டும். பன்னிரண்டு மரக்கால் விதைப்பாடு வைத்திருக்கிற ஒருவருக்கு ஒரு மனைவி, நாலு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் மூன்று மரக்கால் விதைப்பாடு வரும். ஐந்து பேருக்கு அது. இரண்டாவது மனைவி இருந்தால் அந்த மூன்று மரக்காலுக்குள்ளேயே இன்னொரு பங்கு. பிள்ளை எத்தனை, அவற்றின் வயது என்ன, என்ன சாப்பிடும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. சொத்தைப் பார்த்து அளந்த அளவு இது, வயிற்றைப் பார்த்து அளந்தது இல்லை.

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த நிலைமையைத்தான் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று அங்கதமாகப் பாடினார். 1917-18-ல் 'தமிழன்' பத்திரிகையில் தொடராக வந்து, 1942-ல் புத்தகமானது. ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைத் தானே சொல்வதுபோல் அமைந்த நூல். அதன் படலங்களின் பெயரைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஒன்றின் பெயர் 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கோடு என்றால் நீதிமன்றம். கோர்ட்டு ஏறிக் குடும்பம் அழிந்த கதை. இன்னொன்றின் பெயர் 'கும்பியெரிச்சல் படலம்'. கும்பி என்றால் வயிறு.

கோர்ட்டுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெறும் கிண்டல் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அந்தக் காலத்து நாஞ்சில்நாட்டில் சொத்து வழக்கு என்பது பெரும்பாலும் காரணவருக்கும் அனந்தரவர்களுக்கும் இடையில், 'இது யாருடையது' என்று நடக்கும் சண்டை. வாதியும் பிரதிவாதியும் உரிமை உள்ளவர்கள். பிள்ளைகளுக்கு அந்த வழக்கில் நிற்க இடம் கிடையாது. ஆனால் வழக்குச் செலவு அவர்கள் சாப்பாட்டிலிருந்துதான் போகும்.

3

நாஞ்சில்நாடு திருவிதாங்கூரில் இருந்தபோது, பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் வேறொரு பாதை உருவாகிக்கொண்டிருந்தது. சொத்துரிமைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்.

1872-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வடிவமைத்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், ஜீவனாம்சப் பிரிவைப் பற்றிச் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: ஆதரவற்றுத் தெருவில் அலைவதைத் தடுக்க. பிள்ளையின் உரிமை என்றெல்லாம் பேசவில்லை. தகப்பன் சோறு போடாவிட்டால் பிள்ளை பிச்சை எடுக்கும், திருடும், அது அரசாங்கத்துக்குத் தலைவலி. அதனால் மாஜிஸ்திரேட் தகப்பனைக் கூப்பிட்டு மாதம் இவ்வளவு கொடு என்று சொல்லலாம். 1898-ம் வருஷத்துச் சட்டத்தில் இது 488-வது பிரிவு. 'போதிய வசதி இருந்தும்' மனைவியையோ பிள்ளையையோ பராமரிக்காதவன் என்பதுதான் நிபந்தனை.

இந்தப் பிரிவு மலபாருக்கு வந்தபோது எதிர்பார்த்த தகராறு வந்தது. மருமக்கத்தாயத் தகப்பன் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, 'இந்தப் பிள்ளை தாய்த் தறவாட்டைச் சேர்ந்தது, தறவாட்டுக்குச் சொத்து இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்றால் என்ன செய்வது? வழக்கப்படி அது சரியான பதில். சென்னை உயர் நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதை ஏற்கவில்லை. தறவாடு பார்த்துக்கொள்ளும் என்பது தகப்பனின் பொறுப்பை இல்லாமல் ஆக்காது என்றது. சொத்து எந்த வழியாகவும் போகட்டும், பிள்ளைக்குச் சோறு போடுவது வேறு கணக்கு.

நவீனச் சட்டம் இந்த விஷயத்தில் செய்த பெரிய காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். 'யாருடைய சொத்து' என்ற கேள்வியையும் 'பிள்ளைக்கு யார் கொடுப்பது' என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்தது.

ஆனால் அளவு விஷயத்தில் சட்டம் கஞ்சத்தனமாகத்தான் இருந்தது. அதிகபட்சம் மாதம் 50 ரூபாய். 1923-ல் அது 100 ஆனது, 1955-ல் 500. 1973-ல் புதிய சட்டம் வந்து 488-வது பிரிவு 125-வது பிரிவானபோதும் அதே 500. லட்சாதிபதியாக இருந்தாலும் மாஜிஸ்திரேட்டால் அதற்கு மேல் போக முடியாது. அந்த 500 குடும்பம் முழுவதற்கும் சேர்த்தா, ஆளுக்கு 500-ஆ என்றே சண்டை நடந்திருக்கிறது. 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆளுக்கு 500 என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 500 என்று பொருளே தவிர, தாயையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கட்டி 500 என்று பொருள் இல்லை. உச்சவரம்பை ஒரேயடியாக எடுத்தது 2001-ல்தான்.

நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாதே என்றது ஊர். ஐந்நூறுக்கு மேல் போகாதே என்றது அரசாங்கம். உச்சவரம்பு இருக்கிற வரைக்கும் தகப்பனின் வரவு செலவைத் தோண்டிப் பார்க்கிற அவசியம் நீதிமன்றத்துக்கு அதிகம் வராது. 500 கொடுக்கிற அளவுக்கு வசதி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வரம்பு போன பிறகுதான் 'உண்மையில் எவ்வளவு இருக்கிறது' என்ற கேள்வி முழு கனத்தோடு வந்தது.

4

இடையில் நாஞ்சில்நாட்டில் மருமக்கள்வழி முடிவுக்கு வந்திருந்தது. கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், திருவிதாங்கூர் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் தகப்பன் சொத்தில் உரிமை, தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழி. கவிமணியின் பாட்டுக்கு இதில் பங்குண்டு என்று எங்க ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே வருஷம் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், நான் முதலில் சொன்ன அந்தப் பட்டியலில், நாஞ்சில்நாட்டின் பெயர் ஒரு நினைவுக்கல் மாதிரி நின்றுபோனது.

அதே 1956-ல் வந்த இன்னொரு சட்டம் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம். பிள்ளைகளைப் பராமரிப்பது கடமை என்று அது நேராகவே சொல்கிறது. தகப்பனுக்கு மட்டுமில்லை, தாய்க்கும் அது கடமை. 125-வது பிரிவு மதம் பார்க்காது. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நிறைய வாழும் எங்க மாவட்டத்தில் அதனாலேயே அதிகம் பயன்படுவது அதுதான். 2024 ஜூலை 1-லிருந்து புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144-வது பிரிவு. உத்தரவு போட்டும் பணம் கட்டாவிட்டால் வாரண்டு பிறப்பிக்கலாம். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம்.

சரி, தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இந்தியாவில் இதற்குச் சூத்திரம் கிடையாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 17 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 25 சதவீதம் என்று ஒரு அளவுகோல் உண்டு. பிரிட்டனில் ஒரு குறிப்பிட்ட வரம்புவரை வாராந்திர மொத்த வருமானத்தில் 12, 16, 19 சதவீதம் என்று பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும். சம்பளச் சீட்டு உள்ள நாட்டில் இது வசதி. வழக்கும் சீக்கிரம் முடியும்.

இங்கே நீதிபதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: இருவரின் அந்தஸ்து, பிள்ளையின் நியாயமான தேவை, சொத்தின் மதிப்பு, வருமானம், தகப்பனை நம்பியிருக்கிற மற்றவர்கள், கடன். இதற்கு மாறாத சூத்திரம் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் டேராடூனிலிருந்து போன ஒரு வழக்கில் சொன்னது. அந்த வழக்கில் கணவன் தன் உண்மையான வருமானத்தைச் சொல்லவில்லை என்பதைக் கணக்கில் எடுத்து, 1,500 ரூபாயை 5,000 ஆக்கியது. மறைத்தால் அதற்கு விலை உண்டு என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

வேலையே இல்லை என்கிறவனை என்ன செய்வது? 'போதிய வசதி' என்பதற்குக் கையிலிருக்கும் பணம் என்று மட்டும் நீதிமன்றங்கள் அர்த்தம் கொள்ளவில்லை. சம்பாதிக்கிற திறனும் வசதிதான். உடம்பில் தெம்புள்ள ஆள் சம்பாதிக்கக்கூடியவன் என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்றால் அவன்தான் நிரூபிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. உடல் உழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-லும் சொன்னது.

நாலில் ஒரு பங்கும் திரும்பி வந்தது. 2017-ல் ஒரு மேற்கு வங்க வழக்கில், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமான தொகையாக இருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். கையில் வரும் சம்பளம் 95,527 ரூபாய். உயர் நீதிமன்றம் கொடுத்திருந்தது 23,000, கிட்டத்தட்ட சரியான கால் பங்கு. ஆனால் கணவன் மறுமணம் செய்து அதில் ஒரு பிள்ளையும் இருந்ததால் அதை 20,000 ஆகக் குறைத்தார்கள். அது மனைவிக்கான தொகை, பிள்ளைக்கான சூத்திரம் இல்லை. உகந்துடைமைக்கும் இதற்கும் எந்த ரத்த உறவும் கிடையாது. ஆனாலும் கால் பங்கு, அதிலும் இரண்டாவது குடும்பத்துக்காகக் கழிவு என்று படித்தபோது, ஐந்து மனைவி கட்டிய காரணவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்.

5

2020 நவம்பர் 4. ரஜ்னேஷ் - நேகா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. மகாராஷ்டிரத்து வழக்கு. பிள்ளை பிறந்தது 2013-ல். இடைக்கால ஜீவனாம்சம் பற்றிய சண்டை மட்டுமே ஏழு வருஷம் ஓடி டெல்லி வரை போனது. பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது கேட்ட பணத்துக்கு, அது பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த பதில்.

நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் ஆர். சுபாஷ் ரெட்டியும் நாடு முழுவதற்கும் ஒரு நடைமுறை வகுத்தார்கள். இருதரப்பும் தங்கள் சொத்து, கடன், வரவு, செலவு எல்லாவற்றையும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும், தீர்ப்புத் தேதியிலிருந்து இல்லை. ஆகவே இழுத்தடிப்பதில் லாபம் கிடையாது.

அந்தப் படிவங்களைச் சும்மா ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நல்ல நாவல் மாதிரி இருக்கும். சுயமாகச் சம்பாதித்த சொத்து, கூட்டாக வாங்கிய சொத்து, பூர்வீகச் சொத்தில் பங்கு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு. விவசாயிகளுக்குத் தனிப் படிவம்: எவ்வளவு நிலம், நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மூன்று வருஷ வருமானம், குத்தகைக்கு எடுத்த நிலம், கால்நடை. மாதச் சம்பளம் இல்லாதவனுக்கு வருமானமே இல்லை என்ற கற்பனையை இந்தப் படிவம் உடைக்கிறது.

மூன்றாவது படிவம் ஒன்று உண்டு. அது மேகாலயா மாநிலத்துக்கு மட்டும். காசி, ஜெயின்டியா, காரோ மக்கள் தாய்வழிச் சமூகம். அங்கே குடும்பச் சொத்தைக் காப்பது கடைசி மகள், முக்கிய முடிவுகளை அவள் தாய்மாமனோடு கலந்து எடுப்பாள் என்று தீர்ப்பே விளக்குகிறது. 2020-ம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தாய்மாமன்! அங்கே ஒரு ஆணிடம் 'உன் சொத்து என்ன' என்று கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும் என்பது தெரிந்து தனிப் படிவம் போட்டிருக்கிறார்கள். 1926-ல் அந்தச் சட்டம் வராமல் போயிருந்தால் தோவாளைக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும்கூட ஒரு நாலாவது படிவம் தேவைப்பட்டிருக்கலாம்.

ஆனால் படிவம் வந்தால் உண்மை வந்துவிடுமா? நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கிற நண்பன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீடு அம்மைக்க பேருல, வயலு அண்ணனுக்க பேருல, கடை மச்சினனுக்க பேருல. ஆளு மட்டும் அவன் பேருல நிப்பான்." வளைகுடாவில் வேலை என்றால் சம்பளச் சீட்டு கடல் கடந்து வராது. படகில் பங்கு வாங்குகிறவர்களுக்குச் சீட்டே கிடையாது. ஒரு வாரம் கை நிறைய, அடுத்த வாரம் டீசல் காசுக்கே இழுபறி. நீதிபதி அந்த இடத்தில் ஊர்க் கூலி, வாழ்க்கைத் தரம், வண்டி, வங்கிக் கணக்கில் வந்து போன தொகை என்று சுற்றி வளைத்து அனுமானிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மறைப்பவனுக்கு எதிராக அனுமானிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 'மறைக்கிறான்' என்பதைக் காட்டுகிற வேலை பெரும்பாலும் பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

'இது என்னுடையது இல்லை' என்பது நூறு வருஷத்துக்கு முன்னால் காரணவர் சொன்னபோது உண்மை. வழக்கமே அப்படி, அவர் பொய் சொல்லவில்லை. இன்று அதே வாக்கியத்தைப் பத்திரம் எழுதி உண்டாக்குகிறார்கள். தகப்பன் ஒருத்தன் தன் சொத்தை அம்மா பேருக்கும் சகோதரி பேருக்கும் மாற்றிவிட்டு நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்கும்போது, ஒழித்துக் கட்டிய மருமக்கள்வழியை ஒரு வழக்குக்காக மட்டும் அவன் திரும்பக் கொண்டுவருகிறான். பலன் யாருக்கு என்றால் அவனுக்குத்தான். பாதிப்பும் அதே பழைய ஆளுக்குத்தான்.

அதனால்தான் மலபார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் முக்கியமாகப் படுகிறது. சொத்து யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும். தகப்பனுக்குக் கையும் காலும் இருக்கிறது, பிள்ளைக்கு வயிறு இருக்கிறது. கணக்கை அந்த வயிற்றிலிருந்து தொடங்கினால், 'யாருடையது' என்ற கேள்விக்கு விடை தெரிகிற வரை பிள்ளை காத்திருக்க வேண்டாம். பிரமாணப் பத்திரத்தில் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் இருக்கிற அந்தக் கட்டங்கள், உகந்துடைமை ஒருபோதும் கேட்காத கேள்வியைக் கேட்கின்றன. நீதிபதி அவற்றை முதலில் படிக்கிறாரா கடைசியில் படிக்கிறாரா என்பதில்தான் ஒவ்வொரு வழக்கும் நிற்கிறது.